கைநாட்டு வைத்தால் சம்மதம் ஆகிவிடாது

மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் பெருகிய இந்த வட்டாரத்தில் ஏரிக்கரையோரமும் வயலோரமும் இருளர் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. சுற்றிலும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் இருப்பதால், ஆய்வு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ரத்தம் எடுக்கிறார்கள், மூலிகை விவரம் கேட்கிறார்கள், குழந்தைகளைப் படம் பிடிக்கிறார்கள். பிறகு ஒரு தாளை நீட்டி, "இங்க கைநாட்டு வைங்க" என்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் "அரசாங்க உதவி வரும்" என்று யாராவது பதில் சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துவிடலாம். ஆய்வில் சேர்வதற்கும் பட்டாவோ சாதிச் சான்றிதழோ கிடைப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

வெறும் கைநாட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதை அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டம் காட்டியது. 2009-இல் அங்கேயும் குஜராத்தின் வடோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டு 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பு ஆய்வு நடத்தியது. அவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்ததும் 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. பல நாடுகள் இன்றும் அதைப் போடுகின்றன, யாரும் அதற்குப் பயப்பட வேண்டாம். குற்றம் சம்மதம் வாங்கிய விதத்தில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் தந்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு மட்டுமே இருந்தது. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். தாயும் தகப்பனும் இருக்கும்போது, காப்பாளர் யார் அந்தப் பிள்ளையின் உடம்புக்குச் சம்மதம் சொல்ல?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பழங்குடிப் பகுதிக்குள் நுழையும் முன் மாவட்ட ஆட்சியர் அல்லது பழங்குடியினர் நல ஆணையர் போன்றவரின் அனுமதி வேண்டும். ஊர்ப் பெரியவரிடமும் கேட்க வேண்டும். ஆனால் பெரியவர் தலையாட்டிவிட்டார் என்பதற்காக ஊரே சம்மதித்ததாகாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அவர்களுக்குப் புரியும் பேச்சில் விளக்கிக் கேட்டாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். எளிதில் நலிவுறக்கூடிய பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு தமிழகக் குடிகளில் இருளரும் ஒருவர். அப்படிப்பட்ட குடிகளில் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களை ஆய்வில் சேர்ப்பதைத் தவிர்க்கக் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறது அந்த நெறிமுறை.

ஊசியும் ரத்தமும் இல்லாத ஆய்வு ஆபத்தில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணக் கடனில் சிக்கிய ஒருவர், முதலாளியின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது வாங்கிய தொகையைச் சொன்னால் அன்றிரவே அவருக்கு அடி விழலாம். பெயர், ஊர், முகம் மூன்றும் பதிவாகாத இடத்தில்தான் கடனைப் பற்றிய கேள்வியைக் கேட்க வேண்டும். மாணவர்களை அனுப்பும் பேராசிரியர்கள் இதை முதலில் சொல்லித்தர வேண்டும்.

அறிவுக்கும் விலை உண்டு. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியில் இயங்குகிறது. பிடித்த பாம்பை மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள்; நஞ்சு எடுத்தபின் வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்குப் போகும் அந்த நஞ்சின் வருமானம் சங்கத்துக்கே வருகிறது. கேரளத்தில் காணிக்காரப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து 'ஜீவனி' மருந்து உருவானபோது, உரிமத் தொகையில் பாதியை அவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். இப்படிப் பங்கு தருவதை 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் வலியுறுத்துகிறது. மூலிகை கேட்டு வருகிறவரிடம் இதை வெளிப்படையாகவே பேசலாம்.

யார் வந்தாலும் தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள், ஒரு நகலை வாங்கி வையுங்கள். ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்க வேண்டும். பாதியில் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. மருந்துச் சோதனையில் பாதிப்பு நேர்ந்தால் 2019-ஆம் ஆண்டின் மருத்துவச் சோதனை விதிகளின்படி இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. முறையீட்டை நெறிமுறைக் குழுவிடமும், ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். பழங்குடியினருக்குச் சட்ட உதவி இலவசம். 15100-இல் அழைத்தால் வழி சொல்வார்கள்.

ஏற்கெனவே ரத்தம் கொடுத்தவர்களுக்கும் உரிமை போய்விடவில்லை. அமெரிக்காவில் ஹவசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய்க்கென்று கொடுத்த ரத்தத்தை அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தில் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள். வழக்குத் தொடுத்த அந்த மக்களுக்கு 2010-இல் இழப்பீட்டோடு ரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. ரத்த மாதிரிகளைச் சேமிக்கும் வங்கியில் இருக்கும் மாதிரி கொடுத்தவருக்கே சொந்தம், அவர் அதைத் திரும்பப் பெறலாம் என்று நம் 2017 நெறிமுறையும் சொல்கிறது. எந்த ஆய்வுக்கு, எந்த ஆண்டு கொடுத்தோம் என்பது வாங்கி வைத்த தகவல் தாளின் நகலில் இருந்தால் இன்றைக்கும் கேட்கலாம்.