புகையா, விறகா?

கணையப் புற்றுநோய் என்றதும் கேராஸ் மரபணு நினைவுக்கு வருவது நியாயமே. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கட்டிகளில் அந்த மரபணு பிறழ்ந்திருக்கிறது. ஆனால் பிறழ்வே இல்லாமல் தம் வேலையை ஒழுங்காகச் செய்யும் சில மரபணுக்களும் இந்த நோயை வளர்க்கின்றன. புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளைக் கோக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அவை. புரதத்தின் கட்டமைப்பு மரபணுவில் வரிக்கு வரி எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி ஏதும் இல்லை. எந்த நொதி எவ்வளவு இருக்கிறது, எது முந்திக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அதன் வடிவம் அமைகிறது.

இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் காணும் சிஏ 19-9-உம் இத்தகைய சங்கிலிதான்; நான்கு சர்க்கரைகளின் தொடர். அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலாரி கோப்ரோவ்ஸ்கியின் குழு 1979-இல் விவரித்த எதிர்ப்புரதம் ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்தது. நெடுங்காலம் அது கட்டியிலிருந்து வரும் புகையாக மட்டுமே கருதப்பட்டது. அது எரியும் விறகாகவும் இருக்கலாம் என்று 2019-இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் டேவிட் டுவேசன் குழு காட்டியது. இந்தச் சங்கிலியைக் கோக்கத் தேவையான எஃப்யூடி3 மரபணு எலிகளில் செயலிழந்திருப்பதால் அவற்றின் உடலில் இந்தச் சர்க்கரை உருவாவதில்லை. மனித எஃப்யூடி3-ஐயும் துணை மரபணு ஒன்றையும் புகுத்தியதும் அவற்றுக்குக் கணைய அழற்சி வந்தது; பிறழ்ந்த கேராஸும் சேர்ந்தபோது புற்று மூர்க்கமாக வளர்ந்தது. சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தியபோது அழற்சி தணிந்தது.

எஃப்யூடி3 செயலற்ற மனிதர்களும் உண்டு. அவர்களுக்கும் கணையப் புற்று வருகிறதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. இந்தச் சர்க்கரை நோயை விரைவுபடுத்தும் வழிகளில் ஒன்று; ஒரே வழி அல்ல. சி1ஜிஏஎல்டி1 என்ற மரபணு முடங்கினால் சங்கிலிகள் பாதியில் அறுந்து நிற்கின்றன. அப்போதும் புற்றுச் செல்கள் மூர்க்கமாவதை ஆய்வுகள் காட்டுகின்றன. எலியில் கண்டது மனிதருக்கு மருந்தாகுமா என்பதை மனிதரிடம் நடக்கும் சோதனைகளே சொல்ல வேண்டும். ஆனாலும் இந்தச் சர்க்கரை வெறும் அலங்காரம் என்று இனி ஒதுக்க முடியாது.

இந்தச் சர்க்கரையின் அளவு மரபணுக்களையும் பொறுத்தது என்னும்போது, நலமாக இருப்பவர்களின் முழுவுடல் பரிசோதனையில் சிஏ 19-9-ஐச் சேர்த்து, 37 அலகு என்ற வழக்கமான எல்லையை மட்டும் பார்த்து ஆறுதலோ அச்சமோ தருவது தவறு. எஃப்யூடி3 செயலற்றவருக்குப் புற்று இருந்தாலும் எண் உயராமல் போகலாம். பித்தநாளம் கல்லால் அடைபட்டவருக்குப் புற்றே இல்லாமல் ஏறலாம். சிகிச்சை பெறுபவரின் நிலையைத் தொடர்ந்து கவனிக்க அந்த எண் நன்கு உதவுகிறது. நோயைக் கண்டறியவும் அதை நம்ப வேண்டுமென்றால், அதை உண்டாக்கும் மரபணுக்கள் அந்த மனிதரிடம் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.