மழை இருட்டினால் ஏன் நெஞ்சு படபடக்கிறது?

வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நான்காம் மாடிக்கு வெள்ளம் ஏறாது. இருந்தும் வானம் கறுத்தவுடன் அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் யாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். வீட்டார் சிரிப்பதுண்டு. சிரிக்கும் விடயமல்ல இது.

2008 நவம்பரில் நிஷா புயலின் மழை வன்னியில் கொட்டியபோது, போரால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களில் இருந்தன. 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஷெல்லையும் மழையையும் ஒரே காலத்தில் அனுபவித்தவர்களுக்கு இரண்டும் மனத்தில் ஒன்றாகவே பதிந்து விடுகின்றன. பிறகு தகரத்தில் மழை விழும் சத்தமே போதும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளப்பாதிப்புப் பற்றி எழுதிய நூலின் பெயர் 'மனவடு'. பொருத்தமான சொல். ஆறிய வடுவிலும் மீண்டும் அடிபட்டால் நோகும்.

அந்த அடி இப்போது அடிக்கடி விழுகிறது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும் மழை கொட்டித் தீர்க்கிறது. 2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கின. 2025 நவம்பர் 28இல் கரையைக் கடந்த டித்வா புயலில் நாடெங்கும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். களனி மீண்டும் பெருகியது. கொட்டாஞ்சேனையில் கால் நனையாதவர்களுக்கும் மலையகத்திலும் முல்லைத்தீவிலும் இருக்கும் உறவுகளை நினைத்து ஒரே யோசனை.

நிவாரணப் பொதியில் அரிசி, பருப்பு, பாய் எல்லாம் வரும். உறக்கம் வராதவளுக்கு அதில் ஒன்றுமில்லை. அவளும் "மனம் சரியில்லை" என்று சொல்லமாட்டாள். தலையிடி, கால் உளைவு என்பாள், பனடோல் போடுவாள்.

வெயிலையும் மறக்கக்கூடாது. காற்றோட்டமில்லாத அனெக்ஸ் அறையில் புழுங்கும் இரவுகள் உறக்கத்தைக் கெடுத்து எரிச்சலைக் கூட்டுகின்றன. மனநோய்க்கான சில மருந்துகள் உடல் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். அப்படியான மருந்து எடுப்பவர்கள் கடும் வெயில் காலத்தில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, தாமாக நிறுத்தக்கூடாது.

பையைக் கட்டிவைப்பதை விடச்சொல்ல எனக்கு மனமில்லை. அது பட்டறிவு. ஆனால் மழை விட்ட பின்பும் இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் இல்லாமல், சமைக்கவும் கை ஓடாமல் இருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுபவரைக் கேளுங்கள். எப்படித் தொடங்குவதென்று கூச்சமாக இருந்தால், அந்தக் கால் உளைவைச் சொல்லியே தொடங்கலாம்.