கொட்டகை ஷட்டரைப் பராமரிக்கும் முறை

காவிரியின் கிழக்குக் கரையில் உள்ள பள்ளிபாளையம் வட்டாரத்தில் நெல், கரும்பு, மஞ்சள் ஆகியவை கால்வாய்ப் பாசனத்தில் பயிராகின்றன. விளைந்த மஞ்சளை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஈரோடு சந்தைக்கு உடனே கொண்டு செல்லாமல், விலை கூடும் வரை வீட்டை ஒட்டிய கொட்டகையில் மூட்டை பிடித்து வைப்போர் உண்டு. பவர் டில்லர், மோட்டார் சைக்கிள், உரம், விதை எல்லாம் இருப்பதும் அதே கொட்டகையில்தான். தட்டிக் கதவும் மரக் கதவும் இருந்த இடங்களில் இன்று இரும்பு ஷட்டர் வந்துவிட்டது.

ஷட்டரைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஐப்பசி மழையில் கதவு பாதியில் சிக்கி, தரைக்கு ஓரடி மேலே நின்றுவிட்டால் சாரல் உள்ளே அடிக்கும், எலியும் நுழையும். நன்கு காய்ந்த மஞ்சள் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், விலையும் இறங்கும். கைதவறி விழும் ஷட்டர் ஆளையே முடமாக்கிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை, அரை நாள் ஒதுக்கினால் இவற்றைத் தவிர்க்கலாம்.

ஷட்டர் இயங்கும் விதம்

ஒன்றோடொன்று கோத்த இரும்புப் பட்டைகளே கதவு. இருபுறமும் உள்ள சேனலுக்குள் இவை ஏறி இறங்கும். மேலே உள்ள குழாயில் கதவு சுற்றிக்கொள்ளும். அந்தக் குழாயில் சுருள் ஸ்பிரிங்குகள் உள்ளன. கதவு இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்குதான் கதவின் பாரத்தைத் தாங்குகிறது.

1.25 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ எடை இருக்கும். 10 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள கதவு, பட்டைகளின் மடிப்பையும் சேர்த்தால், 45 கிலோ யூரியா மூட்டை இரண்டுக்குச் சமம். நாம் ஒரு கையால் தூக்குகிறோம் என்றால் அது ஸ்பிரிங்கின் பலமே.

துரு பிடிப்பது ஏன்?

கதவு பெரும்பாலும் அடியிலிருந்துதான் கெடுகிறது. அடிப்பட்டையில் மழைநீர் தேங்குவது ஒரு காரணம். உரம் மற்றொரு காரணம். யூரியா, அமோனியம் சல்பேட், பொட்டாஷ் ஆகியவை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிந்திய பொட்டாஷில் உள்ள குளோரைடு இரும்பை விரைவில் அரித்துவிடும். கோழி எருவிலிருந்து கிளம்பும் அமோனியா பித்தளைப் பூட்டையும் விட்டுவைக்காது.

ஆகவே உர மூட்டைகளைக் கதவிலிருந்து மூன்றடி தள்ளி, பலகை மேல் அடுக்க வேண்டும். சிந்திய உரத்தை அன்றே கூட்டி அள்ள வேண்டும். கோழி எருவைக் கொட்டகைக்கு வெளியே குவிப்பதே நல்லது.

துரு கண்ட இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை பூசி, காய்ந்தபின் இனாமல் பெயிண்ட் அடிக்கலாம். பெயிண்டைக் கெட்டியாக அடித்தால் பட்டைகளின் இணைப்பில் அடைத்துக்கொள்ளும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடித்து, முற்றிலும் காய்ந்த பிறகே கதவைச் சுற்ற வேண்டும். நாகம் பூசிய தகடாக இருந்தால் அதற்கென்று விற்கும் பிரைமரைக் கேட்டு வாங்குக.

சேனலைச் சுத்தம் செய்தல்

பள்ளிபாளையத்தில் தறி ஓடும் வீடுகள் அதிகம். பறக்கும் பஞ்சு சேனலுக்குள் படிகிறது. அங்கே கிரீஸ் இருந்தால் பஞ்சும் மண்ணும் சேர்ந்து களிம்பாகிக் கதவைப் பிடித்துக்கொள்ளும். வண்டியில் வடித்த பழைய ஆயிலைப் பூசுவதும் தவறு. அதில் கரியும் உலோகத் துகளும் இருப்பதோடு, மூட்டையிலும் கறை படும்.

சேனலின் உட்புறத்தை முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். பிறகு டீசல் தொட்ட துணியைக் குச்சியில் சுற்றித் துடைக்க வேண்டும். அதன் பின் புதிய மெல்லிய எண்ணெயைத் தடவி, மிகுதியை ஒற்றி எடுக்க வேண்டும். மேலே குழாயின் இரு முனைகளில் பேரிங் இருந்தால் அதற்கு மட்டும் கிரீஸ் வைக்கலாம். சேனல் வளைந்திருந்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், மரக்கட்டையை அணைகொடுத்து மெல்லத் தட்டி நேராக்குக.

ஸ்பிரிங்கைத் தொடாதீர்!

கதவை இடுப்பளவு தூக்கி, கையைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். அதே இடத்தில் நின்றால் ஸ்பிரிங் சரியாக உள்ளது. கீழே இறங்கினால் தளர்ந்துவிட்டது. தானாக விர்ரென்று மேலே ஏறினால் முறுக்கு மிகுதி. இச்சோதனையின்போது கதவின் கீழ் காலோ தலையோ இருக்கக் கூடாது. குழந்தைகளை அண்டவிடக் கூடாது.

ஸ்பிரிங் தளர்ந்ததென்று தெரிந்தால் அந்தக் கதவைப் பயன்படுத்தாமல், ஷட்டர் வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும். நாமே ஸ்பேனரை எடுத்துக் குழாயின் பிடிமானத்தைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும். போல்ட் தளர்ந்ததும் அந்த விசை நொடியில் வெளிப்பட்டு, கையையோ முகத்தையோ தாக்கும். ஸ்பிரிங் ஒன்று உடைந்துபோன கதவை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் கட்டையால் முட்டுக்கொடுத்துப் புழங்குவதும் கூடாது. கட்டை நழுவினால் முழுப் பாரமும் கீழே நிற்பவர் மேல் விழும்.

அடித்தளமும் மின்கம்பியும்

அடிப்பட்டைக்கும் தரைக்கும் அரை அங்குல இடைவெளி இருந்தால் எலிக்கு அது போதும். வாசற்படியில் சிமெண்டுக் கலவையால் மட்டம் பிடித்து, தண்ணீர் நிற்காதபடி வெளிப்புறமாகச் சரிவு கொடுத்துவிட வேண்டும்.

மோட்டாருக்கோ தறிக்கோ செல்லும் கம்பி ஷட்டர் பெட்டியை ஒட்டிப் போயிருந்தால், பட்டை உரசி மேலுறை தேயும். கதவு முழுவதும் மின்சாரம் பாயும். ஈரக் கையோடு தூக்கப் போகிறவர் பிழைப்பது அரிது. கம்பியைக் குழாயில் செலுத்தி, கதவை விட்டு விலக்கி அமைக்குமாறு எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டும்.

எப்போது செய்வது?

முதல் முறை புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன். ஆயுத பூஜைக்கு டில்லரையும் மண்வெட்டியையும் கழுவிச் சந்தனம் வைக்கிறோம். ஷட்டருக்கும் பொட்டு வைக்கிறோம். எண்ணெய் வைக்க மறந்துவிடுகிறோம். அன்றே இந்த வேலையையும் சேர்த்து முடிக்கலாம். இரண்டாம் முறை தை மாதத்தில், மஞ்சள் மூட்டை உள்ளே வருவதற்கு முன்.

இதற்கு ஒரு பிரஷ், பழைய துணி, சிறிது டீசல், கொஞ்சம் எண்ணெய் இருந்தால் போதும். ஆண்டு முழுதும் பாடுபட்டு விளைவித்த பொருளைக் கடைசியில் காப்பது கொட்டகைக் கதவுதான். விதைப்புக்கு முன் கலப்பையைப் பார்ப்பது போல, மழைக்கு முன் ஷட்டரையும் பார்த்து வைத்தால் பொருளுக்கும் ஆளுக்கும் சேதமில்லை.