பாதிப் பேச்சு

சங்கரன்கோயிலுக்கு ஆடித் தபசு பார்க்கச் செல்கிறவர்கள் கோமதி அம்மனைத் தரிசித்து, புற்றுமண்ணைத் துணியில் முடிந்துகொண்டு, கூட்டத்தோடு கூட்டமாய் ஊர் திரும்புகிறார்கள். சங்கரநாராயணர் சந்நிதியில் சற்று நின்று பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். அந்தத் திருமேனியில் வலப் பாதி சிவன். இடப் பாதி திருமால். வலப்புறத்தை மட்டும் பார்த்தவர், "நான் கண்டது சிவனையே" என்று சத்தியம் செய்யலாம். இடப்புறத்தைப் பார்த்தவர், "இல்லை, பெருமாளையே கண்டேன்" என்று சாதிக்கலாம். இருவர் வாக்கும் பொய் அல்ல. ஆயினும் இருவருமே சுவாமியைக் காணவில்லை! சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்கள் இப்படி வழக்காடியபோதுதான் அம்பிகை தவம் செய்து முழு உருவத்தையும் காட்டுவித்தாள் என்பது தல புராணம்.

புராணத்திலிருந்து நாம் போக விரும்புவது நியாயஸ்தலத்திற்கு. அங்கேயும் பாதியைக் காட்டி முழுமை என்று சாதிப்போர் உண்டு. அவர்களுக்குச் சட்டம் என்ன விடை வைத்திருக்கிறது என்பதைக் குடும்பஸ்தர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம்.

சங்கரன்கோயில் நெசவாளர் ஒருவர் நூல் வியாபாரிக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தங்களிடம் நான் ஐந்நூறு ரூபாய் கடன் பெற்றது உண்மை. தை மாதத்தில் அதற்கு ஈடாகச் சேலைகள் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டேன். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்." வியாபாரியின் வக்கீல் முதல் வாக்கியத்தை மட்டும் உரக்கப் படித்துவிட்டு, "எழுதியவரே ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? அவர் படித்ததில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. ஆனால் அந்த உண்மையே பொய்யின் வேலையைச் செய்துவிடும்.

இதற்குப் பரிகாரமாக 1872 ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 39 ஆவது பிரிவு அமைந்தது. பெரியதொரு வாக்குமூலத்தின் பகுதியையோ, சம்பாஷணையின் பகுதியையோ, புஸ்தகத்திலோ தொடர்ச்சியான கடிதங்களிலோ உள்ள ஒரு பகுதியையோ சாட்சியமாகக் கொண்டுவந்தால், அதன் பொருளையும், எந்தச் சந்தர்ப்பத்தில் அது சொல்லப்பட்டது என்பதையும் அறிவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவையும் கேட்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். தேவை எவ்வளவு என்று தீர்மானிப்பவர் நீதிபதி. ஆகவே, நமது நெசவாளரின் இரண்டாவது வாக்கியம் கோர்ட்டுக்குள் வந்தே தீரும். மகளுடைய வரன் விஷயம் வெளியிலேயே நிற்கும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இதே விதி 33 ஆவது பிரிவாக இடம்பெற்றிருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது வாக்கியம் வந்துவிட்டதனாலேயே அது உண்மையாகிவிடாது. சேலை கொடுத்தாரா என்பது தனியே ஆராய வேண்டிய விஷயம். முழுவதையும் கேட்பது ஒன்று. கேட்டதை நம்புவது வேறொன்று.

ஒருவருடைய உயிரும் சுதந்திரமும் ஊசலாடும் வழக்குகளில் இதன் அருமை தெரியும். 1952 இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த பல்வீந்தர் கௌர் வழக்கில், தம் கணவர் மருந்தென்று தவறாக வேறொன்றைக் குடித்து இறந்தார் என்றும், பயத்தினால் உடலை மறைத்ததாகவும் அந்தப் பெண்மணி வாக்குமூலம் தந்திருந்தார். மறைத்ததாகச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு, தவறாகக் குடித்தார் என்பதைத் தள்ளிவிடுவது சரியன்று. வாக்குமூலத்தை ஏற்பதானால் முழுவதும் ஏற்க வேண்டும், தள்ளுவதானால் முழுவதும் தள்ள வேண்டும் என்று கூறி, நீதிபதிகள் அவரை விடுதலை செய்தார்கள். ஒரு பகுதி நம்பவே தகாதது என்று வேறு சாட்சியங்கள் காட்டினால், அதைத் தள்ளி மற்றதை ஏற்கலாம் என்று பிற்காலத்தில் நிசி காந்த் ஜா வழக்கில் விளக்கம் ஏற்பட்டது. விதியைக் கேடயமாக்கிக்கொண்டு குற்றவாளி தப்பவும் கூடாதல்லவா?

விதி இருந்தால் மட்டும் போதுமா? சங்கரன்கோயில் 2019 இல் தென்காசி ஜில்லாவில் சேர்ந்தது. அதற்கு முன் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. அந்தத் திருநெல்வேலியில்தான் 1908 ஜூலை 7 அன்று, ஜட்ஜ் பின்ஹே, கப்பலோட்டிய தமிழர் சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தீவாந்தர சிட்சை விதித்தார். சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்து வருஷம். குற்றம் பிரசங்கம். மேடையில் பேசிய பேச்சுத்தான் அங்கே கூண்டில் ஏறி நின்றது. பின்னர் ஹைக்கோர்ட்டு தண்டனையைக் குறைத்தது.

அதே மாதம் பம்பாயில் திலகர் பெருமான் தமக்குத் தாமே வக்கீலாக நின்றார். மராத்தியில் எழுதிய கட்டுரைகளைத் துண்டு துண்டாக்கிப் பிழையாக மொழிபெயர்த்துப் பொருள் கொள்ளலாகாது, முழுவதையும் சந்தர்ப்பத்தோடு படியுங்கள் என்று இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். ஜூரிகளில் ஐரோப்பியர் எழுவர் குற்றவாளி என்றனர்; இந்தியர் இருவர் இல்லை என்றனர். அவருக்கு ஆறு வருஷம் மாந்தளைச் சிறை கிடைத்தது. சாட்சியச் சட்டத்தை வகுத்த ஸ்டீபன் துரையே, 1870 இல் ராஜத்துரோகப் பிரிவையும் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தவர் என்பது சரித்திரத்தின் விசித்திரம். ஒரு கையால் "முழுவதும் கேள்" என்று எழுதினார். மறு கையால் பேசுகிறவனின் வாயைக் கட்ட வழி செய்தார்.

ஆகவே, விதி நியாயஸ்தலத்தின் கதவைத்தான் திறக்கும். காதைத் திறக்க வேண்டியவர் கேட்பவர். இன்று யாரும் யாருடைய பேச்சையும் கைப்பேசியில் பிடித்து, முன்னும் பின்னும் நறுக்கி, நிமிஷத்தில் ஊரெல்லாம் பரப்பிவிடலாம். "உங்கள் சம்பந்தி இப்படிச் சொன்னாராம்" என்ற அரை வாக்கியத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனை! அங்கே ஜட்ஜும் இல்லை, 39 ஆவது பிரிவும் இல்லை. நாமேதான் இரண்டும்.

இனி ஒருவர் அரை வாக்கியத்தோடு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தால், அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இதமாகக் கேட்போம்: "அதற்கு முன்னால் என்ன சொன்னார்? அதற்குப் பின்னால் என்ன சொன்னார்?"