டி.பி. கதவுக்குள் ஒரு பெயர்: ஓர் எலக்ட்ரீஷியனின் அடையாளக் கணக்கு

மொத்தச் செலவு ரூ.6,600. அதில் ரூ.1,500 வீண். மீதி ரூ.5,100-ல் ஒரு மனிதனுக்குச் சின்னம், கார்டு, சட்டை, பலகை, பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டிக்கர் எல்லாம் வந்து சேர்ந்தன. அவன் என் தம்பி. ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு எலக்ட்ரீஷியன் டிரேடு முடித்து, ஒரு மில்லில் 6 ஆண்டு மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு, இனி வீட்டு வயரிங் வேலையைச் சொந்தமாக எடுத்துச் செய்யப்போகிறேன் என்று வந்து நின்றான். நான் டி.டி.பி. கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேருக்குக் கார்டு அடித்துக் கொடுத்தவன், சொந்தத் தம்பிக்கு ஏனோதானோ என்று செய்ய மனம் வரவில்லை. ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு ரூபாயும் எதற்குப் போகிறது, எத்தனை நாள் உழைக்கிறது என்று எழுதினேன். இந்தக் கணக்கு அந்த நோட்டிலிருந்து.

வீணான 1,500-ஐ முதலில் முடித்துவிடுகிறேன். எனக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று நினைத்து, தம்பி தானே இணையத்தில் ஒருவரிடம் ‘லோகோ’ வாங்கியிருந்தான். பல்பு, அதற்குள் மின்னல், சுற்றிலும் ஒரு வட்டம். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊரில் ஓர் இன்வெர்ட்டர் கடைப் பலகையில் அதே பல்பு, அதே மின்னல். கேட்க வழியில்லை, கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. வெளியாளிடம் படம் வரைந்து வாங்கினால், அதன் உரிமையை எழுத்தில் மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். எழுத்திலும் கவனம் வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். இடம் எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இரண்டு வரிச் சீட்டு, ஒரு கையெழுத்து. செலவு பூஜ்யம்.

படத்துக்கு என்ன விலை கொடுப்பது என்பதில் ஒரு நியாயமான அளவுகோல் கிடையாது. நைக் நிறுவனத்தின் அந்த வளைகோட்டை 1971-ல் வரைந்த கரோலின் டேவிட்சன், மணிக்கு 2 டாலர் வீதம் பதினேழரை மணி நேரத்துக்கு 35 டாலர் வாங்கினார். பின்னால் 1983-ல் அந்நிறுவனம் அவருக்குப் பங்குகள் கொடுத்தது வேறு விஷயம். நான் தம்பியின் சின்னத்துக்கு 19 மணி நேரம் உட்கார்ந்தேன். என் கடையில் மணிக்கு ரூ.250 என்று வைத்தால் ரூ.4,750. அதை அவனிடம் வாங்கவில்லை. ஆனால் நோட்டில் எழுதியிருக்கிறேன். வாங்காத கூலியும் கூலிதான்.

அந்த 19 மணி நேரத்தில் 11 மணி நேரம் தப்பான இடத்தில் போனது. அவன் பெயரின் முதலெழுத்து ‘ப’. இரண்டு நிமிர்ந்த கோடு, கீழே ஒரு படுக்கைக் கோடு. பிளக்கின் இரண்டு பின்னும் அதில் தெரிந்தன. கீழே எர்த் குறியைச் சேர்த்தேன். எர்த் குறி எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்தது: மேலிருந்து இறங்கும் ஒரு கோடு, அதன் கீழே வரவரச் சிறுத்துப்போகும் மூன்று கோடுகள். எழுத்தும் குறியும் ஒட்டிக்கொண்டதும், இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. பிரிண்ட் எடுத்துக் காட்டினேன்.

தம்பி அரை நிமிடம் பார்த்தான். “அண்ணே, இது பின்னுன்னா ரெண்டு பின்னையும் ஒண்ணாச் சேர்த்து எர்த்துல கொடுத்திருக்க. சுவிட்சப் போட்டா ஷார்ட் ஆயிடும்.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. காகிதத்தை அவன் திருப்பித் தரவில்லை. விரலை ‘ப’-வின் மேல் வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தான். “பின்னா வேணாம். இத மெட்டல் பாக்ஸுன்னு வச்சுக்க. பாக்ஸுக்குத்தான் எர்த் கொடுக்கணும். அது கொடுக்காம விடுறதுனாலதான் ஆளு சாகுறான்.”

சின்னம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. கோடுகளைப் பெட்டி போலத் தடித்தேன், மேல் பக்கத்தைத் திறந்தே விட்டேன், நடுவில் ஒரு கோடு இறங்கி மூன்று கோட்டில் போய் நிற்கிறது. எழுத்துக்கு 3, இறக்கத்துக்கு 1, எர்த்துக்கு 3, ஆக 7 கோடு. கட்டம் போட்ட தாளில் அகலம் 10 கட்டம், உயரம் 16: ‘ப’-வுக்கு 8, இறக்கத்துக்கு 3, மூன்று கோட்டுக்கும் இடைவெளிக்குமாக 5. எர்த் கோடுகளின் நீளம் 10, 6, 2. ரப்பர் ஸ்டாம்பில் 8 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுருக்கினால் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர். ஆகச் சிறிய கோடு 1 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவிலும் மை இழுகாமல் விழுந்தது. வாட்ஸ்அப் படம் வட்டமாக வெட்டப்படும். சதுரத்தில் வட்டம் போட்டால் நான்கு மூலையிலுமாக 21.5 சதவீதப் பரப்பு போய்விடும். அதனால் அங்கே சின்னம் மட்டும், பெயர் இல்லை.

நிறத்திலும் அவன்தான் குறுக்கே நின்றான். மூன்று பேஸின் சிவப்பு, மஞ்சள், நீலத்தைப் பெயரெழுத்துகளுக்குக் கொடுக்க எனக்கு ஆசை. கணக்கே முதலில் அதைத் தடுத்தது. வெள்ளைத் திரையில் சுத்தமான மஞ்சளின் ஒளி வேறுபாடு 1.07-க்கு 1, இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. சுத்தச் சிவப்பு 4-ல் நின்று தோற்கிறது, நீலம் 8.59-ல் தேறுகிறது. அவன் சொன்ன காரணம் இதைவிடக் கனமானது. டி.பி. என்கிற மின்பகிர்வுப் பெட்டிக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்றால் கரண்ட், கறுப்பு என்றால் நியூட்ரல், பச்சை என்றால் எர்த். அந்தப் பெட்டிக்குள் ஒட்டப்போகும் ஸ்டிக்கரில் அதே நிறங்களை அழகுக்காகப் போடக்கூடாது. மின்னல் குறியும் அப்படித்தான். முக்கோணத்துக்குள் மின்னல் இருந்தால் ‘தொடாதே’ என்று பொருள், ‘கூப்பிடு’ என்று அல்ல. தொழிலிலிருந்து சின்னம் எடுக்கிறவர்கள், அந்தத் தொழிலில் அந்தக் குறி என்ன வேலை செய்கிறது என்று தொழில்காரனிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பதை நான் இந்த வீட்டு வேலையில்தான் கற்றேன். கடைசியில் எர்த் கோட்டுக்குப் பச்சை, பெட்டிக்கு அடர்ந்த சாம்பல். அந்தப் பச்சை வெள்ளையில் 5.13 காட்டுகிறது.

எழுத்துருவுக்குச் செலவில்லை. திறந்த உரிமத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களை வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவற்றில் ‘கேட்டமரான்’ 9 தடிமன்களில் வருகிறது, இரண்டே போதும்.

கார்டு. மூன்றரைக்கு 2 அங்குலம், 300 ஜி.எஸ்.எம். தாள். 12-க்கு 18 ஷீட்டில் குறுக்கே 3, நெடுக்கே 8, ஆக 24. 500 கார்டுக்கு 21 ஷீட், கிடைத்தது 504. ஷீட் ரூ.25 வீதம் ரூ.525, கட்டிங் ரூ.75. ஒரு கார்டு ரூ.1.19. ஒரு கார்டின் எடை 1.36 கிராம்தான், 504-ஐயும் சேர்த்துக் கட்டினால் 700 கிராம்கூட வராது. மலிவுதான். ஆனால் கார்டு பர்ஸுக்குள் போகும், பர்ஸிலிருந்து மேசை டிராயருக்குப் போகும், அதோடு சரி.

நான் அதிகம் மெனக்கெட்டது ஸ்டிக்கருக்கு. ஒரு வீட்டில் டி.பி. கதவை எப்போது திறப்பார்கள்? ஏதோ ட்ரிப் ஆகி, ஃபேன் நின்று, இருட்டில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு திறப்பார்கள். எலக்ட்ரீஷியன் எண் தேவைப்படும் நேரம் அதுதான். ஆகவே கதவின் உட்பக்கம்.

முதலில் 3-க்கு 4 அங்குலம் என்று வைத்தேன். ஷீட்டில் ஓரம் போக 12 ஸ்டிக்கர் விழுந்தது. அகலத்தில் கால் அங்குலம் குறைத்து இரண்டே முக்கால் ஆக்கினேன். அதே ஷீட்டில் 16. வினைல் ஷீட் ரூ.60, லேமினேஷன் ரூ.20, இரண்டும் சேர்ந்து ரூ.80. பன்னிரண்டு என்றால் ஒன்று ரூ.6.67, பதினாறு என்றால் ரூ.5. 20 ஷீட்டில் 320 ஸ்டிக்கர், ரூ.1,600.

உயரம் 4 அங்குலம், அதாவது 288 பாயிண்ட். சின்னத்துக்கு 60. ஃபோன் எண்ணுக்கு 24. அது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, கண்ணாடி தேடாமல் படிக்கலாம். தேதிக் கட்டத்துக்கு 30. எந்த எம்.சி.பி. சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுத 8 வரி, வரிக்கு 18 வீதம் 144. ஓரங்களுக்கு மீதி 30. ஸ்டிக்கரில் சரிபாதி அந்த வீட்டுக்காரருக்கு. ‘ஹால் லைட்’, ‘ஏசி’, ‘பம்ப் மோட்டார்’ என்று தம்பி தன் கையால் எழுதிக் கொடுக்கிறான். விளம்பரம் என்று நினைத்துக் கிழிக்க யாருக்கும் மனம் வராததற்கு அந்த 144 பாயிண்ட்தான் காரணம். தேதிக் கட்டம் ஆர்.சி.சி.பி.க்கு. 30 மில்லிஆம்பியர் கசிந்தால் அந்தக் கருவி கரண்ட்டை நிறுத்திவிடும். ஆனால் நிறுத்துகிறதா என்று டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அமுக்கிப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தது என்று எழுத ஓர் இடம் வேண்டுமே.

மாதம் ஒருமுறை அந்தக் கதவு திறக்கிறது, ஸ்டிக்கர் 10 ஆண்டு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் 120 பார்வை. ஒரு பார்வைக்கு 4 காசு சொச்சம். இணையத்தில் போன ரூ.1,500-ல் 300 ஸ்டிக்கர் அடித்திருக்கலாம் என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சட்டையில் சிக்கனம் பார்க்கவில்லை. பாலியஸ்டர் டி-ஷர்ட் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் பேனலில் தீப்பொறி வெடித்தால் அந்தத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி உருகாது. பருத்திச் சட்டை 3, ரூ.480 வீதம் ரூ.1,440, பாக்கெட்டில் எம்பிராய்டரி ரூ.70 வீதம் ரூ.210. கழுத்தில் தொங்கும் உலோகப் பேட்ஜ் போடச் சொன்னவர்களுக்கும் ‘வேண்டாம்’ என்றே பதில். கரண்ட் இருக்கும் இடத்தில் கழுத்திலிருந்து எதுவும் தொங்கக்கூடாது.

வீட்டு வாசலில் தகரப் பலகை, 4 அடிக்கு 2 அடி, 8 சதுர அடி, ரூ.90 வீதம் ரூ.720. தமிழ்நாட்டில் கடைப் பலகைக்குத் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம் இருக்கிறது. மூன்றாம் மொழி எங்களுக்கு வேண்டாம் என்பதால் 24 அங்குல உயரத்தைத் தமிழுக்கு 15, ஆங்கிலத்துக்கு 9 என்று பிரித்தேன். ‘எலக்ட்ரீஷியன்’ என்றால் 8 எழுத்து, ‘வயரிங்’ என்றால் 4. அதே அகலத்தில் எழுத்தை ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக்கலாம். பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகை எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எங்கள் தெருவின் எதிர்ப்புறம் 30 அடி. 3 அங்குலம் போதும் என்ற இடத்தில் 6 அங்குலம் கிடைத்தது.

நோட்டின் கடைசிப் பக்கம் இப்படி:

கார்டு 504 — ரூ.600
ஸ்டிக்கர் 320 — ரூ.1,600
சட்டை 3 — ரூ.1,650
பலகை — ரூ.720
பில் புத்தகம் 2 — ரூ.280
ரப்பர் ஸ்டாம்ப் — ரூ.250
கூகுள் மேப்பில் பதிவு — 0
ஆக — ரூ.5,100
முன்பு வீணானது — ரூ.1,500

இதில் சட்டையும் ஸ்டிக்கரும் மட்டும் ரூ.3,250, நூற்றுக்கு 64. எல்லாரும் முதலில் நினைக்கும் கார்டுக்குப் போனது நூற்றுக்கு 12.

வர்த்தகக் குறியாகப் பதிவு செய்வதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. பொருள், சேவை எல்லாவற்றையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். வயரிங், ரிப்பேர் வேலைகள் 37-ல் வரும். பதிவு 10 ஆண்டு செல்லும், ஆக மாதம் ரூ.37.50, புதுப்பிக்க ரூ.9,000. எர்த் குறியை மட்டும் தனியே பதிய முடியாது. தொழில் முழுவதற்கும் பொதுவான குறி ஒருவருக்குச் சொந்தமாகாது, ஆகவும் கூடாது. ‘ப’-வோடு சேர்ந்த இந்த வடிவத்துக்குத்தான் கேட்க முடியும். பதிவாகும் வரை வட்டத்துக்குள் ஆர் போடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பலகையில் போடவும் இல்லை.

எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் இரவு பத்து மணிக்குத் தம்பிக்கு ஓர் அம்மா ஃபோன் செய்தார்கள். பக்கத்தில்தான் இருந்தேன். “தம்பி, கதவுக்குள்ள ஒட்டியிருக்கே, அதைப் பாத்துத்தான் பேசுறேன். அஞ்சாவதுல பம்ப் மோட்டார்னு எழுதியிருக்கு. அதுதான் கீழ இறங்கிக் கிடக்கு.” மறுபடி மறுபடித் தூக்கிவிட வேண்டாம், அதை அப்படியே விட்டுவிட்டு மற்றதைப் போட்டுக்கொள்ளுங்கள், காலையில் வருகிறேன் என்றான். வீட்டில் ஃபேன் ஓடியது, விளக்கு எரிந்தது, அவர்கள் தூங்கப் போனார்கள்.

அந்த வீட்டுக்கு மறுநாள் நானும் போனேன். தேதிக் கட்டத்தில் தம்பி எழுதியிருந்தது பாதி அழிந்திருந்தது. நான் போட்டது வழவழப்பான லேமினேஷன். பால்பாயிண்ட் பேனா அதில் பிடிப்பதில்லை. பிறகு மார்க்கரால் எழுதியிருக்கிறான், அது தடித்துக் கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது. தப்பு என்னுடையது.

320-ல் 131 ஒட்டியாயிற்று, கையில் 189. அடுத்த ஆர்டருக்கு மேட் லேமினேஷன் சொல்லியிருக்கிறேன், ஷீட்டுக்கு ரூ.5 கூடுகிறது, ஒரு ஸ்டிக்கருக்கு 31 காசு. சின்னத்தின் 60 பாயிண்டை 48 ஆக்கி, அந்தப் பன்னிரண்டையும் தேதிக் கட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன்.