உறுமும் ஆம்ப்ளிபயரைச் சரி செய்ய உங்கள் கம்ப்யூட்டர் உதவும்

கம்ப்யூட்டர் இதழில் கிடார் ஆம்ப்ளிபயருக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் அதனை இணையம் பார்க்கவும், கடிதம் டைப் செய்யவும், பாட்டு கேட்கவும் மட்டுமே பயன்படுத்துகின்றனர். அதே கம்ப்யூட்டர் ஒரு நல்ல சோதனைக் கருவியாகவும் செயல்படும். இதனை நான் தெரிந்து கொண்டது, என் மகன் வாங்கி வந்த ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிபயரால்தான்.

அது 5 வாட் திறன் கொண்ட சிறிய பெட்டி. உள்ளே இரண்டே வால்வுகள். முதல் வால்வு 12ஏஎக்ஸ்7. கிடாரில் இருந்து வரும் மிகச் சிறிய சிக்னலைப் பெரிதாக்குகிறது. அடுத்தது இஎல்84, அது ஸ்பீக்கரை இயக்கத் தேவையான சக்தியைத் தருகிறது. வால்வு ரேடியோ பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. ஆனால், சுவிட்சைப் போட்டவுடன் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல். கிடாரின் கீழ்க் கம்பியை மீட்டினால் ஒலி குழைந்து போனது.

நண்பர் ஒருவர் வால்வை மாற்றச் சொன்னார். அதிக விலை கொடுத்துப் பழைய சரக்கு வால்வு ஒன்றை வாங்கிப் போட்டேன். "இப்போது பரவாயில்லை" என்றேன். மகன், "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை அப்பா" என்றான். யார் சொல்வது சரி? அப்போதுதான் கம்ப்யூட்டரின் நினைவு வந்தது.

முதலில் பதிவு செய்திடுங்கள்

ஆடாசிட்டி என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. அதனை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். ஒரு மைக்கை ஸ்பீக்கருக்கு ஓரடி தூரத்தில் வைத்திடுங்கள். இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துக் கொள்ளவும். ஒவ்வொரு முறையும் மைக் அதே இடத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

விண்டோஸ் 11 பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் எனச் சென்று, மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதனை ஆப் செய்திட வேண்டும். இல்லையேல், இரைச்சலை விண்டோஸே வடிகட்டிவிடும்; நாம் தேடும் உறுமல் பைலில் இருக்காது. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் இயக்கவும். சார்ஜர் வழியாகவும் உறுமல் நுழையலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் வயரை நேராகக் கம்ப்யூட்டரின் மைக் துளையில் செருகாதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 5 வாட் என்றால் சுமார் 6 வோல்ட். மைக் துளை எதிர்பார்ப்பதோ மில்லி வோல்ட் கணக்கில். உங்கள் சவுண்ட் கார்டு பழுதாகிவிடும்.

இப்போது கிடாரின் வயரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, 20 விநாடிகள் பதிவு செய்திடுங்கள். உறுமல் மறைந்துவிட்டால் கோளாறு கிடாரிலோ, அதன் வயரிலோ, வால்யூமுக்கு முன்னால் உள்ள பகுதியிலோ இருக்கிறது. மறையவில்லை என்றால் வால்யூமுக்குப் பின்னால் உள்ள பகுதியில் இருக்கிறது.

பதிவைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் சைஸ் என்ற இடத்தில் 16384 எனத் தேர்ந்தெடுங்கள். மலைச் சிகரங்கள் போல ஒரு படம் கிடைக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே 50 ஹெர்ட்ஸில் சிகரம் உயர்ந்து நின்றால், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயர்கள் அல்லது எர்த் இணைப்பைச் சந்தேகிக்கலாம். 100 ஹெர்ட்ஸில் உயர்ந்து நின்றால், பவர் சப்ளையில் உள்ள பில்டர் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். ஏசி மின்சாரத்தை டிசி ஆக மாற்றும்போது இரண்டு பாதி அலைகளும் பயன்படுவதால் அது 100 ஆகிறது.

என் பதிவில் 50 ஹெர்ட்ஸ் சிகரம்தான் ஓங்கி நின்றது. பழைய வால்வைத் திரும்பப் போட்டுப் பதிவு செய்தேன். படம் அப்படியே இருந்தது. மகன் சொன்னதுதான் சரி. பணம் கொடுத்துவிட்டதால் என் காது என்னை ஏமாற்றியிருந்தது.

பெட்டியைத் திறக்காமல் செய்யக் கூடியவை

1. ஸ்பீக்கர்: சிறிய ஆம்ப்ளிபயரில் அதிகப் பலன் தருவது இதுதான். ஸ்பீக்கரின் விவரக் குறிப்பில் 1 வாட், 1 மீட்டர் அளவில் எத்தனை டெசிபல் என்று தந்திருப்பார்கள். 94க்குப் பதில் 97 உள்ள ஸ்பீக்கரைப் போட்டால், 5 வாட் ஆம்ப்ளிபயர் 10 வாட் போலக் கேட்கும். ஓம் அளவு மட்டும் பழையதாகவே இருக்க வேண்டும். தனிப் பெட்டியில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கரை இணைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின் அழுத்தம் எகிறி அது எரிந்து போகலாம்.

2. முதல் வால்வு: ஒலி சீக்கிரம் கரகரத்துப் போகிறது என்றால் 12ஏஎக்ஸ்7க்குப் பதில் 5751 போடலாம். முன்னதன் பெருக்கும் அளவு 100, பின்னது 70. ஒன்பது ஊசிகளும் அதே அமைப்பில் இருக்கும். பிளக்கைக் கழற்றி, கண்ணாடி ஆறிய பின்னரே மாற்றவும்.

திறக்கும் முன் படியுங்கள்

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் அடித்தட்டைத் திறந்து ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டேன். "டப்" என்று ஒரு தீப்பொறி. ஸ்குரூ டிரைவரின் நுனி கருகிவிட்டது. பில்டர் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் அப்படியே தேங்கி நின்றிருந்தது. அந்த இடத்தில் என் விரல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதாமலே போயிருக்கலாம்.

எனவே, பிளக்கைக் கழற்றிய பின், இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர்களின் உதவியுடன் 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கெபாசிட்டரின் பிளஸ் முனைக்கும் அடித்தட்டுக்கும் இடையே மாட்டி அரை நிமிடம் வைத்திடுங்கள். 50 மைக்ரோபாரட் கெபாசிட்டர் என்றால் அதற்குள் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான மின் அழுத்தமே மிஞ்சும். பின்னர் மல்டி மீட்டரால் ஒவ்வொரு கெபாசிட்டரையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மீட்டரைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் இந்தப் பகுதியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். உறுமலைக் குறைக்க பிளக்கில் உள்ள எர்த் ஊசியை எடுத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. உயிருக்கே ஆபத்தான அதனை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

திறந்து செய்யக் கூடியவை

1. இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்கள்: வால்வு ஹீட்டருக்கு 6.3 வோல்ட் ஏசி செல்கிறது. என் ஆம்ப்ளிபயரில் அதன் ஒரு வயரை அடித்தட்டோடு இணைத்திருந்தார்கள். அதனைப் பிரித்துவிட்டு, இரண்டு வயர்களில் இருந்தும் ஆளுக்கு ஒரு 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டரை அடித்தட்டுக்கு இணைத்தேன். இப்போது இரண்டு வயர்களும் எதிர் எதிராக ஏறி இறங்குவதால் அவை உண்டாக்கும் உறுமல் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக் கொள்கிறது. டிரான்ஸ்பார்மரின் ஹீட்டர் பகுதியில் நடு வயர் ஏற்கனவே எர்த் ஆகியிருந்தால் இது தேவையில்லை.

2. பில்டர் கெபாசிட்டர்: 100 ஹெர்ட்ஸ் சிகரம் உயர்ந்திருந்தால் மட்டும் மாற்றவும். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். ரெக்டிபயரும் வால்வாக இருந்தால், முதல் கெபாசிட்டரின் மைக்ரோபாரட் அளவைக் கூட்டக் கூடாது. வால்வு தாங்காது.

3. கேதோட் கெபாசிட்டர்: கீழ்க் கம்பியின் ஒலி குழைவதற்கு இது காரணமாக இருக்கலாம். என் ஆம்ப்ளிபயரில் முதல் வால்வின் கேதோடில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 22 மைக்ரோபாரட் கெபாசிட்டரும் இருந்தன. கெபாசிட்டரை எடுத்துவிட்டு 1 மைக்ரோபாரட் போட்டேன். சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் படிப்படியாகக் குறைகிறது. கிடாரின் கீழ்க் கம்பி 82 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர் அந்த அடி ஒலியோடு மல்லுக்கட்டுவது நின்றதும் ஒலி தெளிந்தது. பிளஸ் முனை கேதோட் பக்கம் இருக்க வேண்டும்.

4. பீட்பேக் சுவிட்ச்: பெண்டர் நிறுவனத்தின் புகழ் பெற்ற 5எப்1 சாம்ப் ஆம்ப்ளிபயரில், ஸ்பீக்கரில் இருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிக்னலின் ஒரு பகுதி பின்னோக்கிச் செல்கிறது. இதே போன்ற அமைப்பு உங்களுடையதிலும் இருந்தால், அந்த வழியில் ஒரு சுவிட்சை வைத்திடலாம். திறந்தால் ஒலி கூடி முரட்டுத்தனமாகும், மூடினால் சீராகும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னரும் பதிவு செய்து, "01 மாற்றும் முன்", "02 ஹீட்டர் ரெசிஸ்டர்" எனப் பெயரிட்டு ஒரே போல்டரில் சேமித்திடுங்கள். இரண்டு மூன்று மாற்றங்களை ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

என் போல்டரில் உள்ள இரண்டாவது பைலில், 50 ஹெர்ட்ஸ் சிகரம் முதல் பைலைவிட 14 டெசிபல் தாழ்ந்திருக்கிறது. அதனைச் சாதித்தவை சில ரூபாய் விலையுள்ள இரண்டு ரெசிஸ்டர்கள். விலை உயர்ந்த அந்த வால்வு இப்போது மேஜை டிராயரில் இருக்கிறது.

நீங்களும் முதலில் பதிவு செய்து, படத்தைப் பாருங்கள். நீங்களே திறக்க விரும்பாவிட்டாலும், படத்தை பிரிண்ட் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டலாம். "உறுமுகிறது" என்று சொல்வதைவிட "50 ஹெர்ட்ஸில் உறுமுகிறது" என்று சொன்னால், அவர் எங்கே தேட வேண்டும் என்பது அவருக்கு உடனே புரிந்துவிடும்.