உங்களுக்குத் தெரியுமா? படம் தொடங்குமுன் பத்து விநாடி

முதுமலைப் பக்கத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். எம்.ஜி.எம். படங்களின் தொடக்கத்தில் வளையத்துக்குள்ளிருந்து தலையைத் திருப்பிக் கர்ஜிக்கிறதே ஒரு சிங்கம், 1980-களிலிருந்து நாம் கேட்டது அதன் சொந்தக் குரல் அல்ல. சிங்கத்திடம் மிரட்டல் போதவில்லை என்று ஒலி வடிவமைப்பாளர் மார்க் மாங்கினி புலியின் உறுமலை எடுத்துப் போட்டுவிட்டார். வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. நமக்குப் பழகிய டப்பிங்தான்.

*

பிலிம் காலத்தில் விநாடிக்கு 24 பிரேம். பத்து விநாடி எம்ப்ளம் என்றால் 240 பிரேம், 35 எம்.எம். சுருளில் சரியாக 15 அடி. அதைக் கையால் வரைந்து அசைய வைக்க வேண்டுமானால், ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 120 ஓவியம் வேண்டும். ஓர் உருண்டையைச் சுற்றவிட்டுக் காமிராவில் பிடிப்பது எவ்வளவோ மலிவு!

இன்னொன்று. ரீலின் தலைப்பகுதிதான் அதிகம் கைபடும், அதிகம் தேயும். ஊர் ஊராகச் சுற்றிய பிரிண்டில் முதலில் ‘மழை’ பெய்தது கம்பெனி எம்ப்ளத்தின் மேல்தான்.

*

அந்த 15 அடியை ஊட்டியிலும் தயாரித்தார்கள். 1960-ல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சின் போஷே நிறுவனத்துத் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தியில் இறங்கியது. கறுப்பு வெள்ளை சினிமா பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் ‘இந்து’ என்ற பெயரில் வெளியே போயின. இந்து என்றால் நிலா. தொழிற்சாலை இருந்த இடமே இந்து நகர் ஆகிவிட்டது.

ஏன் ஊட்டி? வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை பிலிம் மேல் பூச வேண்டும். குளிர்ச்சி வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூசி ஆகாது. ஒரு பிரேமின் அகலம் கட்டைவிரல் அளவுதான், ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். நடுத்தரக் கொட்டகையின் திரையில் அது 300 மடங்கு பெருகும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குள்ள தூசி திரையில் மூன்று சென்டிமீட்டர் கறையாக வந்து உட்காரும், கதாநாயகியின் கன்னத்தில் உட்கார்ந்தாலும் கேட்பாரில்லை. பூச்சு நடக்கும் கூடத்தில் கும்மிருட்டு. உலகம் வெளிச்சத்தில் பார்க்கப்போகும் பொருளை இருட்டில் தடவித் தடவிச் செய்த ஆட்கள் நம்மூர்க்காரர்கள். அந்தத் தொழிற்சாலை இன்று மூடிக் கிடக்கிறது.

*

ஏவி.எம். உருண்டையை நான் முதலில் பார்த்தது திரையில் அல்ல, பனியில். எஸ்டேட் ஃபேக்டரி முற்றத்தில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே வேட்டியைக் கட்டி 16 எம்.எம். படம் போடுவார்கள். இசை தொடங்கும்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரும். வெளிச்சம் துணியை எட்டும் முன்பே உருண்டை பனியில் பட்டு அந்தரத்தில் கலங்கித் தெரியும். கம்பளிக்குள்ளிருந்து யாராவது, “வேட்டிய முன்னால இழுங்கப்பா” என்று சத்தம் போடுவார்கள். வடபழனி ஸ்டுடியோ வாசலில் நிற்கும் உருண்டையைப் பிற்பாடு நேரில் பார்த்தேன். பனி இல்லாமல் என்னவோ போலிருந்தது.

*

விஜயா நிறுவனத்தின் எம்ப்ளத்தில் பறக்கும் கொடியில் இருப்பவர் அனுமன். காரணம் எளிது: விஜயன் என்பது அர்ஜுனனின் பெயர், அவன் தேர்க்கொடி அனுமன் கொடி. இதில் ஒரு வேடிக்கை. அதே நிறுவனம் 1957-ல் எடுத்த ‘மாயா பஜார்’ பாரதக் கதைதான், ஆனால் பஞ்ச பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் வரமாட்டார். பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கிறது, அப்பா அர்ஜுனனைக் காணோம். கொடி மட்டும் ஆரம்பத்தில் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறது.

தமிழில் அந்தப் பிள்ளையாக, அபிமன்யுவாக வந்தவர் ஜெமினி கணேசன். விஜயா கொடியின் கீழே போட்டிக் கம்பெனியின் பெயர்!

*

அந்த ஜெமினி, எஸ்.எஸ்.வாசனின் ஸ்டுடியோ. அங்கே வேலை பார்த்ததால்தான் கணேசனுக்கு அந்த அடைமொழி. ஜெமினி என்றால் மிதுன ராசி, இரட்டையர். ஆகவே எம்ப்ளத்திலும் இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு ஊதுகொம்போடு. 1948-ல் ‘சந்திரலேகா’ இந்தியிலும் ஓடியபோது அந்தக் கொம்பொலி வடக்கேயும் கேட்டது. ஸ்டுடியோ போய்விட்டது. 1973-ல் அங்கே கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தார்கள். கண்டக்டர்கள் இன்னும் “ஜெமினி, ஜெமினி” என்றுதான் கூவுகிறார்கள்.

*

எம்.ஜி.ஆர். சொந்தமாகத் தொடங்கிய எம்ஜியார் பிக்சர்ஸின் எம்ப்ளம், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தி.மு.க. கொடியை ஏந்தி நிற்பது. 1958, ‘நாடோடி மன்னன்’. கழகம் ஆட்சியைப் பிடிக்க இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.

*

ராஜ்கபூரின் ஆர்.கே. எம்ப்ளத்துக்குத் தனியாக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒரு கையில் வயலின், இன்னொரு கையில் நர்கிஸ்: 1949-ல் வந்த ‘பர்சாத்’ படத்துக் காட்சிதான் அது.

*

பிரிட்டனின் ரேங்க் நிறுவனப் படங்களில் வெற்றுடம்போடு ஒருவர் மாபெரும் சேகண்டியை ஓங்கி அடிப்பார். பலகாலம் அடித்தவர் பாம்பார்டியர் பில்லி வெல்ஸ் என்ற குத்துச்சண்டை வீரர். அடி வாங்கியது காகிதக்கூழில் செய்த பொம்மைச் சேகண்டி. நாம் கேட்ட ஓசை, ஜேம்ஸ் பிளேட்ஸ் என்ற தாளக் கலைஞர் வேறொரு சின்னக் கருவியில் எழுப்பியது.

*

கடைசியாகக் குன்னூர்க்காரர்களுக்கு. டேவிட் லீன் 1984-ல் எடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் நம் மலை ரயில் மூச்சிரைத்து ஏறும். படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது கொலம்பியா. ஆகவே அங்கே நம் ரயில் வரும் முன் தீப்பந்தம் ஏந்திய பெண் வந்து நின்றாள். இப்போது நாம் பார்ப்பது அவளுக்குப் பின் வந்தவள். மைக்கேல் டீஸ் என்ற ஓவியர் 1992-ல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. அவருக்கு மாதிரியாக நின்றவர் நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகை ஒன்றில் வரைகலைப் பிரிவில் இருந்த பெண். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வந்தார். உடம்பில் சுற்றியது படுக்கை விரிப்பு. கையில் உயர்த்திப் பிடித்தது, பல்பு மாட்டிய சின்ன மேஜை விளக்கு.